பூட்டிய வீட்டில் பதினொரு சுரைக்காய்

"வீட்டுக்குள்ள யாரோ புகுந்திருக்காங்க சார்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"என்ன போச்சு?" ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணும் போகல. பதினொரு சுரைக்காய் வந்திருக்கு. ஒவ்வொண்ணும் என் இடுப்பு உசரம்."

ஏட்டு பேனாவை மூடிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போறவனைப் பிடிக்கலாம். வச்சிட்டுப் போறவனை எந்தப் பிரிவுலய்யா போடறது? பேசாம சமைச்சுச் சாப்பிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூட்டின வீட்டுக்குள்ள வந்த காய் சார். விஷம் கிஷம் வச்சிருந்து நாங்க போய்ச் சேர்ந்துட்டா, புகாரை வாங்கலைன்னு உங்க தலைதானே உருளும்?"

இன்ஸ்பெக்டர் ஒருமுறை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் வேனில் பதினொன்றும் வந்து இறங்கின. மேஜைகளுக்கு அடியில் ஒன்பதுதான் அடங்கின. மீதி இரண்டையும் லாக்கப்பில் போட்டுப் பூட்டினார் ஏட்டு.

"கைரேகை இருக்கும், யாரும் தொடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்களுக்கு எப்ப சார் திருப்பித் தருவீங்க?" தபால்காரரின் குரல் தழுதழுத்தது.

"இதெல்லாம் தடயம். திருடன் சிக்கற வரைக்கும் ஒண்ணுகூடத் தர முடியாது."

வீட்டுக் கொல்லையில், பந்தலுக்கு அடியில் நிமிர முடியாமல் குனிந்தபடி மனைவி காத்திருந்தாள்.

"என்னங்க, எல்லாத்தையும் அவங்க தலையில கட்டிட்டீங்களா?"

"கையெழுத்துப் போட்டே வாங்கிக்கிட்டாங்க."

"இங்க இன்னும் ஒன்பது தொங்குதே?"

தபால்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"திருடன்தான் இன்னும் சிக்கலையே. நாளைக்கும் வருவான்."