மூன்றாவது பை

சவரம் செய்து, பவுடர் பூசி, தீபாவளிச் சட்டையையும் மாட்டிக்கொண்டு மூக்கையா கிளம்பினார். அவர் மனைவி இருளாயி அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனுஷனுக்குக் காட்டுக்குப் போக எதற்குப் பவுடர்?

வெளியே தனுஜா காத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் மூலிகை இலைகளை ஆராய்கிறவள். இரண்டு மாதமாக, அவர்கள் வசிக்கும் நிவித்திகலை றப்பர் தோட்டத்துக்கு வந்துபோகிறாள். மூக்கையா காட்டிய ஒரு செடியின் சாற்றைப் புற்றுநோய் உயிர்க்கலங்களின் மேல் விட்டுச் சோதிக்கிறாளாம். அந்த இலையைப் பறித்து, நிழலில் உலர்த்திப் பையில் கட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு.

முதல் இரண்டு பைகளிலும் ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள். அப்படியும் மூன்றாவது பை கேட்டிருந்தாள்.

ஒன்றுமில்லாத இலைக்கு எதற்கு இத்தனை நடை என்று இருளாயி கேட்டபோது மூக்கையா சிரித்தார். படித்த பிள்ளை காரணமில்லாமல் கேட்குமா என்றார். முப்பது வருஷத்தில் தன் பேச்சு எதற்கும் அவர் முகம் அப்படி மலர்ந்ததாக இருளாயிக்கு நினைவில்லை.

அந்த வாரம், அவர் உலர்த்தியிருந்த இலையை அவள் அடுப்பில் போட்டாள். றப்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கானோரத்தில் முளைத்திருந்த வேறொரு செடியின் இலையை உலர்த்தி அதே பையில் கட்டினாள். காய்ந்து சுருண்டபின் இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. இதிலும் ஒன்றுமில்லை என்றால் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிடுவாள்.

ஒரு மாதம் கழித்துத் தனுஜா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மூணாவது பை வேலை செஞ்சிருக்கு, அண்ணே."

அந்தச் சாறு பட்ட கலங்களில் பாதி செத்துவிட்டதாம். அன்டிஒக்சிடன்ட் சக்தியும் அதில்தான் அதிகமாம். இது மருந்தாவதற்கு இன்னும் எத்தனையோ படி இருக்கிறது, முதலில் அதே இலையில் திரும்பவும் செய்துகாட்ட வேண்டும் என்றாள். மூக்கையா வழக்கமான செடியிலிருந்து நாலாவது பையைக் கொடுத்தார்.

அடுத்த தடவை அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. நாலாவது பையில் ஒன்றுமில்லை. மூன்றாவது பையை முழுவதும் தூளாக்கிவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இலைகூட மிச்சமில்லை. சோதனை முடிவை இவளே இட்டுக்கட்டி எழுதிக்கொண்டாளோ என்று பேராசிரியர் சந்தேகப்படுகிறாராம். திங்கட்கிழமையோடு ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல, புள்ள," என்று மூக்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த இருளாயியின் கை நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இவள் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள். இருளாயி ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் குனிந்த அந்தத் தலையைப் பார்க்க அவளால் முடியவில்லை. மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"அவரு ஒண்ணும் பண்ணல. உங்க மேல உள்ள பொறாமையில நான்தான் இலைய மாத்தி வச்சேன். அந்தச் செடி கானோரத்துல நிக்குது."

தனுஜா திட்டுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று இருளாயி நின்றாள். தனுஜாவோ எழுந்து வந்து அந்த மாவுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு அண்ணன் வேணாங்க அக்கா, நீங்கதான் வேணும்."