மரமேறும் கங்காரு

"ஏங்க, இன்னிக்கு எதைப் பார்த்தீங்க?"

வசந்திக்குப் போனில் முதல் கேள்வியே அதுதான். சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் அப்புறம். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மாவு கிரைண்டர் மேல் வைத்தாள்.

"கோலா பார்த்தேன் வசந்தி. வயித்துல பையில குட்டி. அம்மாக்காரி மரத்துலயே தூங்குறா."

"அடி ஆத்தீ!"

ஏஜென்ட் ஒருவனை நம்பிப் புருஷன் இசக்கிராஜா ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பி மூன்று மாதம். பெர்த் பக்கம் ஆட்டுப் பண்ணையில் வேலையாம். வீடியோ கால் கூடாதாம். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில், பை வைத்த பிராணி ஒன்றைச் சொல்வான். வசந்தி அதை மட்டாஞ்சேரித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள். பத்து வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத மாவுக்காரி, இப்போது ஆஸ்திரேலியாக்காரன் சம்சாரம். அவள் நிமிர்ந்து நடப்பதை மகள் சங்கரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு மரமேறுற கங்காருன்னு சொன்னீங்களே? அது அங்க கிடையாதாமே. மேல்வீட்டு ஸுப்ரியா டீச்சர் சிரிச்சாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மழைச் சத்தம் மட்டும் வந்தது.

"அங்கயும் மழையா?"

"ஆமா... நல்ல மழை."

"அம்மா, பால் பொங்குது பாரு!" சங்கரி போனைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஏழாவது படிக்கிறாள். அப்பா போனதிலிருந்து லைப்ரரிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

"அப்பா, பை வச்ச பிராணி எல்லாம் ஒரே இடத்துலயா இருக்கு? மரமேறுற கங்காரு நியூகினி பக்கம். டெவில்னு ஒரு பிராணி டாஸ்மேனியாத் தீவுல. ஒப்போசம் அமெரிக்காவுல. கோலாவும் உங்க பக்கத்துக் காட்டுல கிடையாது, கிழக்கேதான்."

"அப்படியாம்மா?"

"நாளைக்குக் குவாக்கா பாருங்க. பூனை அளவுதான், சிரிச்ச முகம். பெர்த்துக்கு எதிர்ல ஒரு தீவுல இருக்கு. நம்ம வைப்பின் தீவுக்குப் போற மாதிரி போட்ல போகணும். அடுத்த நாள் நம்பாட். கறையான் தின்னும், அதுக்குப் பையே கிடையாது. டீச்சர் முன்னாடி அம்மா தலை குனியக் கூடாதுப்பா."

"சரிம்மா. லீவு கிடைச்சா பார்க்கிறேன்."

சங்கரி அடுப்படியில் அம்மா இருப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா... போன வாரம் ஸ்கூல்ல எங்களை இங்க பக்கத்துல ஏலூருக்கு ஃபேக்டரி பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க குடோன் வாசல்ல நீங்க நனைஞ்சுகிட்டே மூட்டை தூக்கிட்டிருந்தீங்க. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நாளைக்கும் மழைதானாம், குடை எடுத்துட்டுப் போங்கப்பா."