கடலுக்கு ஆகாத படகு

"இத்த கடலுக்கு மட்டும் எடுத்துனு போயிடாத தம்பி. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் தாமோதரன்.

படகை விற்க நிற்கிறவர் பேசுகிற பேச்சா இது? பக்கத்தில் உட்கார்ந்து வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இருசம்மாள், திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள்.

பழவேற்காடு ஏரியின் தோணிரேவு கரையில் ஏற்றி வைத்திருந்த அந்த ஃபைபர் படகைப் பார்க்கக் கோட்டைக்குப்பத்திலிருந்து ஜெகதீஸ்வரனும் அவன் மனைவி பூவிழியும் வந்திருந்தார்கள். இதுவரை அண்ணன் படகில் பங்குக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்கப் பார்க்கிறான். விலையும் அவர்கள் கைக்கு எட்டுகிற விலைதான்.

ஜெகதீஸ்வரன் படகைச் சுற்றி வந்து விளிம்பைத் தட்டிப் பார்த்தான். "கெட்டியாத்தானே கீது?"

"பாக்கறதுக்குக் கெட்டிதான். அடியில ஒட்டு போட்டது தம்பி. முகத்துவாரம் தாண்டி ஒரு பெரிய அலை மோதுச்சுன்னா நான் ஜவாப்தாரி இல்ல. ஏரியில ஓட்டு, ஆரணியாத்துல ஓட்டு, ஒண்ணும் ஆவாது."

"இன்னாணா இது! கடல்ல தொழில் பண்ணவன் ஏரியில எறா புடிச்சினு இருந்தா, எங்க குப்பத்துல சிரிக்க மாட்டாங்க?"

இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வலையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "அவரு கெடக்கறாரு தம்பி. இந்தப் படகு..."

"நீ சும்மா இரு" என்று தாமோதரன் அதட்டினார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் பொண்ணு மூஞ்சில நீயா முழிப்ப?"

அவள் புருஷனை முறைத்துவிட்டு ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, போன மழைக்கு முகத்துவாரத்தாண்ட ஒரு படகு கவுந்துச்சே, அதுல இருந்தது நீதானே?"

"நான்தாங்க்கா" என்று சிரித்தான் அவன். "டீசல் கேனைப் புடிச்சினு விடியிற வரைக்கும் தண்ணியில கெடந்தேன். அதுக்கு இன்னா பண்றது? தொழில்னா அப்படித்தான். அடுத்த வாரமே திரும்பவும் வலைய ஏத்திட்டோம்ல?"

பூவிழி முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவள்தான் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, கடலுக்குன்னா பெரிய படகு வேணும், பெரிய மோட்டார் வேணும். நம்மளால ஆவுமா? இதையும் விட்டா இன்னும் எத்தினி வருஷம் உங்க அண்ணன் படகுல பங்குக்குப் போறது? ஏரின்னா ஏரிதான். எறாவோ, மடவையோ, நண்டோ, எது கெடைச்சாலும் கொண்டாங்க. பழவேற்காடு மார்க்கெட்ல குந்தி நானே வித்துடறேன்."

"மனசு ஒப்பலியே பூவிழி."

"எனக்காக..."

அவன் ஏரியின் கோடியில், கடல் தொடங்கும் பக்கம் பார்த்தபடி நின்றான். மறுத்துவிடுவானோ என்று பூவிழி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சரி" என்று பெருமூச்சு விட்டான். "உனக்காகத்தான் ஒத்துக்கறேன். எங்க அண்ணன் ஏன்டா ஏரிக்குப் போறன்னு கேட்டா, படகு கடலுக்குத் தாங்காதாம்னு நீயே சொல்லிடு."

"சொல்றேன். யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

அவள் படகின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். வந்தபோது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், போகும்போது ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பைக் மறைகிற வரைக்கும்தான் இருசம்மாள் பொறுத்திருந்தாள்.

"யோவ், உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப் போச்சா? இத்தினி வருஷமா கடலுக்குப் போய் வந்த படகுய்யா அது! பேய்க் காத்துல கூட உன்னைக் கரை சேத்துச்சு. அத்தப் போயி ஆவாது ஆவாதுன்னு... நல்ல வேளை, அந்தப் பொண்ணு புண்ணியத்துல வித்துச்சு!"

"அந்தப் பொண்ணுதான் அப்படிச் சொல்லச் சொல்லுச்சு" என்றார் தாமோதரன்.

"இன்னாது?"

"நேத்து நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்ப தனியா வந்துச்சு. 'அவர் கடலுக்குப் போனா நான் தூங்கறதே இல்லண்ணா. போவாதன்னா கேக்க மாட்டாரு. படகு கடலுக்கு ஆவாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம்'னு கையப் புடிச்சினு ஒரே அழுகை."

இருசம்மாளின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "ஐயோ பாவம்... ஆனா அந்தத் தம்பிக்கு இது தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுமேய்யா. கடல்னா உயிரா இல்ல இருக்கான்?"

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனா? அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே அவன் வந்துட்டுப் போயிட்டான். 'தண்ணியில கெடந்ததுலேர்ந்து கடலைப் பாத்தாலே கை காலெல்லாம் ஒதறுதுணா, பொண்டாட்டிகிட்ட சொல்ல வெக்கமா கீது. நான் எப்படிக் கேட்டாலும் இந்தப் படகு கடலுக்கு ஆவாதுன்னே சொல்லுங்க'ன்னு இதே எடத்துல நின்னு அவனும் அழுதான்."