தோள் பிரிவு

பல்லி கால் வழுக்கித்தான் மனிதர்மேல் விழுகிறது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருப்பது மிகுந்த வேதனைக்குரிய விஷயம். எந்தப் பல்லியும் வழுக்கி விழுவதில்லை. விழுவது ஒரு கல்வித் துறை.

டியூப்லைட்டுக்குப் பின்னால் வசித்த முத்துக்கண்ணி பொதுப் பாடங்களில் தேறிவிட்டாள். மனித உடம்பில் எந்த இடத்தில் விழுவது என்ற சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதுதான் பாக்கி. தன் வால்மேல் அவளுக்கு உயிர். அதை இழக்காத பிரிவாக வேண்டும்.

“தலைப் பிரிவில் சேருடி,” என்றாள் போன வருஷம் அதில் சேர்ந்திருந்த அத்தை மகள் செவ்வாயி. “பேரைக் கேட்டாலே வீடு நடுங்கும்.”

“தலையில விழுந்தா கலகம்னு துடைப்பத்தை எடுப்பாங்க. உன் வால் எங்கேடி?”

“முளைச்சுக்கிட்டுதான் இருக்கு,” என்று செவ்வாயி சட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். “அப்போ பாதம்?”

“மிதிபடவா? நான் தோள் எடுக்கப்போறேன்.”

“தோளா! அதையெல்லாம் யாருடி படிக்கிறா?”

கீழே வீட்டுக்காரர் ஏகாம்பரம் பனியனோடு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். பல்லிக்கு இமை கிடையாது என்பதால் முத்துக்கண்ணி கண்ணைத் திறந்துகொண்டே குதித்தாள்.

“ஐயோ, பல்லி!” துடைப்பம் உயர்ந்தது.

“எங்கே விழுந்துச்சு?” என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி.

“வலது தோள்ல!”

“ஜெயம்ங்க! அடிச்சுடாதீங்க!”

துடைப்பம் இறங்கியது. முத்துக்கண்ணி முழு வாலோடு சுவரேறினாள்.

மறுநாள் காலை ஏகாம்பரம் நாற்காலியை டியூப்லைட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, பனியனைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார்.