இஞ்சித் தேத்தண்ணி

தன் மகளின் கலியாணத்தைத் தம்பி போனில்தான் சொன்னான், நேரில் வந்து அழைக்கவில்லை. அன்றோடு உருத்திரன் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேரையும் பேச வைக்கத்தான் அந்த மகள் நிலாயினி, பனிமலை பார்க்க என்று சொல்லி இந்தச் சின்னப் படகைப் பிடித்திருந்தாள்.

படகிலும் பேச்சு அவள் வழியாகவே போனது.

“பிள்ளை, பெரியப்பாவைத் தொப்பி போடச் சொல்லு.”

“நோர்வேக் குளிரை எனக்குப் படிப்பிக்க வேண்டாமெண்டு சொல்லு.”

“நான் என்ன தபால்பெட்டியே?” என்று சிரித்துவிட்டு, அவள் படம் எடுக்கப் பின்பக்கம் போனாள்.

படகோட்டி எஞ்சினை நிறுத்தினான். நீலப் பனிச்சுவர் முன்னால் நின்றது. தம்பி பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினான்.

“அண்ணை, இஞ்சி போட்டது. இந்தாங்கோ.”

இத்தனை வருடத்தில் முதல்முறையாக நேரே தன்னிடம் வந்த சொல். உருத்திரனின் கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. ஆனால் வாய் பழகிய வழியிலேயே போனது.

“பிள்ளை, ஆறட்டும், குடிக்கிறனெண்டு சொல்லு.”

பக்கத்தில் பிள்ளை இல்லை. தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கோப்பையைக் கடலில் கவிழ்த்தான். அவன் பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கியபோதுதான் உருத்திரனின் கை முழுதாக நீண்டிருந்தது.