மேல்மாடித் திருத்தம்

“சத்தியமாச் சொல்லுறன் ஆரணி, என்ர கண்ணாணை! மேல்வீட்டு ரீச்சர் எனக்கு இங்கிலீஷ் திருத்துறா!”

சாரங்கன் மனைவியிடம் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையிலும் ஒரு சொல் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் வெள்ளவத்தைக்கு வந்து, அந்தத் தொடர்மாடியின் மூன்றாம் மாடி சீலிங்கை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு முகாமையாளர் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை. கொள்ளுப்பிட்டித் தலைமை அலுவலகத்தில், முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். ஏற்கெனவே இரண்டு தரம் விழுந்தாயிற்று. மூன்றாந்தரமும் விழுந்தால் முகாமையாளர் கதிரை, அவனிடமே வேலை பழகிய சப்ரிக்குப் போய்விடும். பிறகு சாகும்வரை சப்ரியை ‘சேர்’ என்று கூப்பிட வேண்டும். அதனால்தான் திங்கட்கிழமையே லீவு போட்டுவிட்டு, ஹோலின் நடுவில் நின்று ஊர் கேட்கப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.

“இப்ப கேளும்,” என்று தொண்டையைச் செருமினான். “ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் நைன் இயர்ஸ்.”

டொம்! மேலே கைத்தடி தரையில் குத்தியது.

“சின்ஸ் நைன் இயர்ஸ்.”

அமைதி. கீழே பிரதான வீதி பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்டது.

“பார்த்தீரே? ‘சின்ஸ்’தான் சரி.”

“எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில ‘ஃபோர்’ எண்டெல்லோ சொல்லித் தந்தவை?”

“ஆர் சொல்லித் தந்தது?”

“சயன்ஸ் மிஸ். இங்கிலீஷ் மிஸ் பிள்ளைப்பேறு லீவில நிண்டவ.”

“பின்னே!” என்றான் சாரங்கன்.

அஸீஸா ரீச்சர் ஓய்வு பெற்று மகளோடு இருப்பவர். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கைத்தடி. அவர் படியிறங்கி வந்தால் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரின் காதில் பிழையான ஆங்கிலம் விழுந்தால் சும்மா இருப்பாரா?

செவ்வாயன்று ‘டிஸ்கஸ்’ என்றான். டொம்! ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றான். அமைதி. புதனன்று ‘டிட் நொட் கோ’வுக்கு டொம் விழுந்தது, ‘டிட் நொட் வென்ட்’டுக்குத் தடி மூச்சுக் காட்டவில்லை.

“ஐயோ, இது பிழையெண்டு எனக்கே தெரியுதப்பா!”

“ரீச்சரின்ர முப்பது வருஷ அனுபவத்தோட நீர் வாதாடாதேயும்,” என்று அவன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

வியாழன் காலைதான் சோதனை வந்தது.

“குட் மோர்னிங், சேர்.” டொம்!

“குட் டே, சேர்.” டொம்!

“ஹலோ, சேர்.” டொம்!

சாரங்கன் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஆரணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இனியென்ன, தேவாரம் பாடிக்கொண்டு உள்ள போகப் போறீங்களோ?”

அவன் வாயே திறக்காமல் கைகூப்பினான். மேலே அமைதி. முடிந்தது பிரச்சினை.

வெள்ளிக்கிழமை அப்படியே கைகூப்பிக்கொண்டு உள்ளே போனான். டை கட்டிய நேர்முகக் குழுத் தலைவர் திடுக்கிட்டு எழுந்து, அவரும் கைகூப்பினார். மற்ற இருவரும் எழுந்தார்கள். இவ்வளவு மரியாதை அந்த அறையில் அதுவரை நடந்ததில்லை.

“ஐ ஆம் ஹியர் சின்ஸ் நைன் இயர்ஸ்,” என்றான், கல்லில் வெட்டுவதுபோல.

தலைவர் வலப்பக்கத்தவரைப் பார்த்தார். வலப்பக்கத்தவர் தண்ணீர் குடித்தார். இடப்பக்கம் இருந்த அம்மணி மட்டும், “‘ஃபோர்’ என்று வராதோ?” என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

சாரங்கன் இரக்கத்தோடு சிரித்துவிட்டு, சீலிங்கைப் பார்த்தான். மூவரும் சீலிங்கைப் பார்த்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை. அம்மணி தான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டினார். ‘டிட் நொட் வென்ட்’ வந்தபோது தலைவர் அதைத் தன் டயரியில் குறித்துக்கொண்டார். இவ்வளவு துணிவோடு பேசுகிறவனின் ஆங்கிலத்தில் பிழை சொல்ல, அங்கே யாருக்கும் தன் ஆங்கிலத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பின்னேரமே நியமனக் கடிதம் கையில். கேக் பெட்டியோடு இரண்டிரண்டு படியாக மேலே ஏறினான் சாரங்கன். ரீச்சரின் மகள் மர்லியா கதவைத் திறந்தார்.

“அல்லாஹ்வே! சத்தத்துக்குத்தானே வந்தீங்க, தம்பி? மன்னிச்சிக்கோங்க. எத்தின தரம் சொல்லியும் உம்மா கேக்குறாங்க இல்ல.”

“இல்லையக்கா, நன்றி சொல்ல வந்தனான். ரீச்சர் தடியால குத்திக் குத்தித் திருத்தினபடியாலதான் இங்கிலீஷ் இன்டர்வியூவில பாஸ் பண்ணினனான்.”

“இங்கிலீஷா?” மர்லியா கேக் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “உம்மா முப்பத்தொரு வருஷமா படிச்சுக் குடுத்தது தையல், தம்பி. இந்தக் கிழமை முழுக்கத் தடியால குத்தினது, டீவி கிரிக்கட்ல நம்மட ஆக்கள்ட விக்கட் விழுந்த நேரமெல்லாம்.”