வெளிப்பக்கம் பூட்டு

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாசல் கதவை இழுத்தேன். கதவு வரவில்லை.

வெளியே பூட்டு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாவி மனுஷன். இன்றைக்கும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பழக்க தோஷம். மாதக்கணக்கில் என் கணவரின் காலை வேலையே அதுதான். என்னையும் மகளையும் உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, மரம் அறுக்கிற மில்லுக்குப் போய்விடுவார். நாங்கள் போக வர, பின்பக்கமாகப் பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறைதான் வழி.

எல்லாம் வீட்டுக்காரருக்குப் பயந்து. வீட்டை இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறாராம். கோர்ட்டு நோட்டீஸைக் கையில் வாங்கினால்தான் கேஸ் நகரும், ஆளே அகப்படாவிட்டால் யாராலும் காலி பண்ண வைக்க முடியாது என்று மில்லில் ஒரு மேதாவி இவருக்கு ஓதியிருந்தான். இந்தச் சின்ன ஊரில் வாடகைக்கு வேறு வீடும் கிடையாது. கேட்டோம், நம்பினோம், ஒளிந்தோம்.

சீ, என்ன பிழைப்பு. துணியெல்லாம் உள்ளேயே காய்ந்து ஒரு வாடை. ஜன்னலை மகள் மறந்துபோய்த் திறந்துவிடக் கூடாது என்று ஆணி அடித்து வைத்திருந்தார். அவள் இப்போது சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். பல்லில் ஏதாவது கோளாறா என்று டீச்சர் கேட்டு அனுப்பியிருந்தார்.

இவ்வளவும் செய்துவிட்டு நேற்றுத்தான் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நோட்டீஸைக் கதவில் ஒட்டினாலே போதுமாம். அதுகூடப் பரவாயில்லை. பல மாதமாக ஆள் குடியில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடு என்றால், நாமாகவே விட்டுவிட்டுப் போனதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். வீட்டுக்காரர் இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், நீங்கள் குடியிருப்பது அவர் கண்ணில் பட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வந்து குசுகுசுவென்று எல்லாம் பேசி முடித்தோம். இனிமேல் பூட்டு கிடையாது. துணியை வாசலில் காயப்போடுவது. மில்லிலிருந்து வந்ததும் அவர் ஆணியைப் பிடுங்குவது. அதுவரை நான் வாசற்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பது. மகளைப் பின்வழியாக அனுப்பிவிட்டு, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு இப்போதுதான் வாசலுக்குக் கிளம்பினேன்.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோர்ட்டு ஆள் வண்டியை விட்டு இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை. இன்னும் எத்தனை வீடு பாக்கியோ, அவ்வளவு அலுப்பு முகத்தில். பின்சீட்டில் வீட்டுக்காரர். பூட்டை அவர் கை காட்டக்கூட இல்லை. அதுதான் அந்தத் தொங்கு தொங்குகிறதே.

அதற்குள் அக்கா தன் வாசலுக்கு வந்துவிட்டாள். யார் எங்களைத் தேடி வந்தாலும் அவள் முன்னால் வந்து நிற்பாள். எங்களுக்காக அவள் சொல்லாத பொய்யில்லை.

"அவங்களா? ஊரைவிட்டே போயிட்டாங்க சார். மாசக்கணக்காச்சு. ஈ காக்கா இல்ல உள்ளே."

சொல்லும்போதே எங்கள் ஜன்னல் பக்கம் லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

"நாங்க இருக்கோம் சார்!" என்று கத்தினேன். கத்தினதாகத்தான் நினைத்தேன். இத்தனை மாதமாகக் குசுகுசுத்தே பழகிய குரல், வண்டிச் சத்தத்தில் என் காதுக்கே எட்டவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

கோர்ட்டு ஆள் தலையை நிமிர்த்தினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அக்கா அசரவில்லை.

"பெருச்சாளிங்க சார். ஆளில்லாத வீட்டுல வேற என்ன இருக்கும்?"

கோர்ட்டு ஆள் சிரித்துவிட்டார். காகிதத்தை அவள் பக்கம் நீட்டினார்.

பின்பக்கமாக ஓடினேன். எங்கள் பின்கட்டு, சுவரை ஒட்டின சந்து, அக்காவின் சமையலறை, கூடம். அவள் வீட்டு ஸ்டூலில் கால் இடித்து ரத்தமே வந்துவிட்டது. வாசலுக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள் தெருமுனைக்குப் போயிருந்தது.

எங்கிருந்துதான் வந்ததோ, இப்போது வயிற்றிலிருந்து குரல் கிளம்பி வந்தது. வாயைத் திறந்தேன்.

அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அடிப்பாவி! காரியத்தையே கெடுத்துடுவே போலிருக்கே. இப்பத்தான் நம்பி, என்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டுப் போறான்."

திமிறினேன். அவளுக்கு என்னைவிட இரண்டு பங்கு பலம். அப்படியே அணைத்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வண்டிச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவள் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்களைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

பிறகு என்னை உட்காரவைத்து, காலில் ரத்தத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

வழக்கம்போல், சத்தம் வராமல் குடித்தேன்.